எழுத மறுக்கும் பிள்ளைக்கு எந்த எழுத்துப் பாடத்திட்டத்தை வாங்குவது?

2023 ஆகஸ்ட் 6 (வாசகர் கேள்வி)

டல்லாஸ் அருகே வசிக்கிறோம். மகனுக்கு எட்டரை வயது. இரண்டாவது ஆண்டாக வீட்டிலேயே கற்பிக்கிறோம். வயதை மீறிய புத்தகங்களை வாசிக்கிறான், கணக்கில் தடையில்லை, வாய் ஓயாமல் பேசுகிறான். ஆனால் "இன்று என்ன செய்தாய் என்று மூன்று வரி எழுது" என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறான், சில நாள்களில் அழுகிறான். இதுவரை இரண்டு பாடத்திட்டங்கள் வாங்கினோம். இரண்டும் ஐந்தாறு வாரங்களில் அலமாரிக்குப் போயின. இப்போது ரைட்டிங் வித் ஈஸ், ஐ.இ.டபிள்யூ. (இன்ஸ்டிட்யூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்), ப்ரேவ் ரைட்டர் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றை மட்டும் வாங்குவதென்றால் எதை வாங்கலாம்? பாடங்களைத் தொடங்க இரண்டு வாரம்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 7

மூன்றையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனாலும் இந்த இரண்டு வாரத்தில் எதையும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் மகன் எந்த இடத்தில் நின்றுபோகிறான் என்பது முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் வாங்கினால் மூன்றாவது புத்தகமும் அதே அலமாரிக்குத்தான் போகும்.

என் இளையவனைப் பற்றிச் சொல்கிறேன். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது நாங்கள் ஹூஸ்டனில் இருந்தோம்; அவனுக்கு ஏழு வயது. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்ற நாள்களில், நெருப்பெறும்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, தாம்பாளம் போலத் திரண்டு மிதந்து போவதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தான். அன்று இரவு சென்னையில் இருந்த தாத்தாவிடம் தொலைபேசியில் அரை மணி நேரத்திற்கு மேல் அதைப் பற்றியே பேசினான். ராணியை நடுவில் வைத்துக்கொள்கின்றன, உடம்புகளுக்கு நடுவில் காற்று மாட்டிக்கொண்டிருப்பதால் மூழ்குவதில்லை, எதன்மீது மோதினாலும் உடனே அதில் ஏறிவிடும், அதனால் யாரும் குச்சியை நீட்டக் கூடாது என்று வரிசையாகச் சொன்னான். ஒரு நல்ல கட்டுரைக்கு வேண்டிய காரணம், ஒழுங்கு, எச்சரிக்கை எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தன. மறுநாள் அதையே எழுதச் சொன்னேன். முக்கால் மணி நேரம் கழித்துத் தாளில் இருந்தவை "ஆன்ட்ஸ் ஃப்ளோட்" என்ற இரண்டு சொற்கள். தாள் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அத்தனை அழுத்தி எழுதி, அத்தனை முறை அழித்திருந்தான்.

அவனுக்குச் சொல்ல விஷயம் இல்லை என்றோ சொல்லத் தெரியவில்லை என்றோ இனி நான் நினைக்க முடியாது. எழுதுவது என்று நாம் ஒரே வேலையாகச் சொல்வது இரண்டு வேலைகள்: நினைத்ததை வாக்கியமாக்குவது ஒன்று, அந்த வாக்கியத்தைக் கையால் தாளில் இறக்குவது இன்னொன்று. ரைட்டிங் வித் ஈஸ் நூல்களை எழுதிய சூசன் வைஸ் பவர் தம் முறை முழுவதையும் இந்தப் பிரிவின் மேல்தான் கட்டியிருக்கிறார். பெரியவர்களுக்கு இரண்டாவது வேலை கவனமே கேட்காமல் நடந்துவிடுவதால், அது ஒரு வேலை என்பதே நமக்கு மறந்துபோகிறது. எட்டு வயதில் எழுத்தின் வடிவம், எழுத்துக்கூட்டல், சொல்லிடைவெளி, முற்றுப்புள்ளி என்று ஒவ்வொன்றும் தனித்தனியே கவனத்தைப் பிடுங்கும்போது, மனத்தில் வைத்திருந்த வாக்கியத்தின் பின்பாதி நழுவிப் போய்விடும். போனதைத் தேடித்தான் பிள்ளை அழுகிறது.

ஆகவே ஒரு வாரம் இப்படிப் பாருங்கள். ஒரு நாள் அவன் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஒரு நாள் அவனுக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். ஒரு நாள் ஒரு சிறு கதையை வாசித்துக் காட்டி, அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்வது பெருகி, பார்த்து எழுதும்போது மட்டும் துன்பப்பட்டால் தடை கையில் இருக்கிறது. பார்த்து எழுதுவதில் சிரமமில்லாமல், கேட்ட கதையைத் திருப்பிச் சொல்லும்போது "அப்புறம்... அப்புறம்..." என்று தடுமாறினால் தடை வாக்கியத்தில் இருக்கிறது. இரண்டும் நன்றாக வந்து, "உனக்குத் தோன்றியதைச் சொல்" என்றால் மட்டும் வாயடைத்துப் போனால், வெற்றுத்தாள்தான் அவனை மிரட்டுகிறது. மூன்றுக்கும் வாங்க வேண்டிய புத்தகம் வெவ்வேறு.

அதுவரையில், இன்னும் மூன்று மாதத்திற்குக்கூட, அவனைச் சொந்தக் கையால் எதையும் எழுதச் சொல்லாதீர்கள்.

ஆகஸ்ட் 7, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். அவன் பேசும் சொற்களையும் எழுதும் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் மகன் வாயால் "டேஞ்சரஸ்" என்பான். தாளில் "பேட்" என்று எழுதுவான். எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டுமே எழுதுகிற பிள்ளைக்குச் சொல்வளம் குறைவு என்று நான் ஓராண்டு தவறாக நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 9

மூன்று பாடத்திட்டங்களையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கிறார்கள். சொல்கிறேன்.

ரைட்டிங் வித் ஈஸ் நான்கு நிலைகள் கொண்டது. முதல் நிலையில் வாரத்தில் நான்கு நாள் பாடம். ஒரு பழைய கதையின் பகுதியை நீங்கள் வாசிக்கிறீர்கள், கேள்வி கேட்கிறீர்கள், பிள்ளை முழு வாக்கியத்தில் விடை சொல்கிறது, அதை நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள். மற்ற நாள்களில் ஓரிரு வாக்கியங்களைப் பார்த்து எழுதுதலும், நீங்கள் சொல்வதைக் கேட்டு எழுதுதலும் நடக்கும். "உன் விடுமுறையைப் பற்றி எழுது" என்ற வகைக் கேள்வி கிடையாது. கை தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். சொந்தக் கதைகள் பொங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கோ, எப்போதும் வேறொருவருடைய கதையையே சுருக்கிச் சொல்வது சலிக்கும்.

இந்த முறையின் வேர் பழையது. இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் 1892-இல் ஆசிரியைகளுக்கான பயிற்சியகத்தைத் தொடங்கிய சார்லட் மேசன், ஆறு வயதிலிருந்து பிள்ளை ஒரு முறை கேட்டதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்றார். வீட்டுக்கல்வியைப் பற்றி 1886-இல் வெளிவந்த தம் நூலில், தொடக்க நிலையில் எழுத்துப் பாடம் ஐந்து, பத்து நிமிடங்களுக்கு மேல் நீளக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். நாம் அரை மணி நேரம் உட்கார வைக்கிறோம்.

ஐ.இ.டபிள்யூ.வை நிறுவிய ஆண்ட்ரூ புடேவாவின் முறை வேறு வகையானது. ஒரு பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்திலிருந்தும் அதிகபட்சம் மூன்று முக்கியச் சொற்களை எடுத்துக் குறிப்பு எழுத வேண்டும். படக்குறிகள், எண்கள், சுருக்கங்கள் அந்த மூன்றில் சேரா. பிறகு மூலத்தை மூடிவிட்டு, குறிப்பைப் பார்த்து முதலில் வாயால் சொல்லி, அதன் பின்னரே எழுத வேண்டும். என்ன எழுதுவது என்று திகைத்து நிற்கும் பிள்ளைக்கு இது பிடித்து ஏறக் கயிறு போல இருக்கும். படக்குறிகளுக்குக் கணக்கில்லை என்று தெரிந்ததும் என் மகன் ஒரு முழுப் பத்தியையும் அம்புக்குறிகளாலும் எறும்புகளாலும் வரைந்து முடித்தான். அதைப் பார்த்து ஒரு வாக்கியம் விடாமல் சொல்லவும் சொன்னான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது 'ஸ்பெக்டேட்டர்' இதழின் கட்டுரைகளை வைத்து ஏறத்தாழ இதையே செய்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்: வாக்கியத்துக்கு ஒரு சிறு குறிப்பு, சில நாள் இடைவெளி, மூலத்தைப் பாராமல் மறுபடி எழுதுதல், பிறகு ஒப்பிட்டுத் திருத்துதல். அவர் செய்த இன்னொன்றையும் நாங்கள் விளையாட்டாகச் செய்தோம். குறிப்புகளைத் தனித்தனிச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துவிட்டு, சில வாரம் கழித்து வரிசையாக அடுக்குவது அது. இந்தப் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பத்தியிலும் இருக்க வேண்டிய நடை அலங்காரங்களுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியலும் உண்டு. பட்டியலை நிரப்புவதற்காகவே அடைமொழி போடும் பழக்கம் வந்துவிடாமல் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ப்ரேவ் ரைட்டர் ஜூலி போகார்ட் தொடங்கியது. பிள்ளை தானாகப் பேசும்போது அதைப் பெற்றோர் பிடித்து எழுதுவதில் தொடங்கி, இருவரும் சேர்ந்து எழுதுவதற்கு நகர்கிறது. மாதம் ஒரு செயல்திட்டம், வெள்ளிக்கிழமைகளில் தடையற்ற எழுத்து, அதாவது நிறுத்தாமல், திருத்தாமல் எழுதும் பயிற்சி. மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அடுத்த பக்கம் என்று கையைப் பிடித்து அழைத்துப் போகாது. பெற்றோரின் கவனத்தில்தான் முழுக்க ஓடும். இரண்டாவது குழந்தை கைக்குழந்தையாக இருக்கும் வீட்டில் இதை நடத்துவது கடினம்.

ஆகஸ்ட் 10

திருத்தம். ரைட்டிங் வித் ஈஸ் முதல் நிலையில் சொல்வதைக் கேட்டு எழுதுதலும் இருப்பதாக நேற்று எழுதிவிட்டேன். முதல் நிலையில் பார்த்து எழுதுதலும் திருப்பிச் சொல்லுதலும் மட்டுமே. கேட்டு எழுதுதல் இரண்டாம் நிலையில்தான் தொடங்குகிறது. உங்கள் மகனுக்கு இது முக்கியம். வயதைப் பார்த்து மூன்றாம் நிலையை வாங்கினால் முதல் நாளே நீண்ட வாக்கியங்களைக் கேட்டு எழுத வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 13

"தாய் எழுதிக் கொடுத்தால் அது எப்படிப் பிள்ளையின் எழுத்தாகும்? இது ஏமாற்றுவதாகாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் மாமனாரும் இதே கேள்வியை, இதைவிடக் கடுமையாகக் கேட்டார்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுள்களைச் சொல்லிக்கொண்டே போக, அருகிலிருந்தவர் ஏட்டில் எழுதிக்கொண்டே வந்ததை, 1871 முதல் அவரிடம் பயின்ற உ.வே. சாமிநாதையர் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். அந்தத் தலபுராணங்களை ஏடு எழுதியவர் பாடினார் என்று யாரும் சொல்வதில்லை. மாமனாரிடம் இதைச் சொன்னேன். அவர் தமிழாசிரியராக இருந்தவர், அதன் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவில்லை. பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்த என் மகன், "அப்படியென்றால் ஏடு எழுதுகிறவர் நடுவில் கேள்வி கேட்கக் கூடாது, அம்மா" என்றான். ஒரு வாரம் வீட்டில் எல்லோரும் இதைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் அவன் சொன்னது சரி.

சொல்வதை எழுதுகிறவர் சொன்னதைத்தான் எழுத வேண்டும். நான் ஒருமுறை அவன் சொன்ன "ரொம்பப் பெரிய அலை" என்பதைப் "பேரலை" என்று எழுதிவிட்டேன். கேட்பதற்கு அழகாக இருந்தது. வாசித்துக் காட்டியபோது, "இது நான் சொன்னது இல்லை" என்று என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே தன் சொற்களைத் தானே எழுதினான். பல மாதங்களாகத் தானாகப் பென்சிலைத் தொடாதவன், தன் சொல்லை மீட்பதற்காகத் தொட்டான். அதற்குப் பிறகு நான் எதையும் மாற்றியதில்லை. எழுதி முடித்தவுடன் வாசித்துக் காட்டுவதை மட்டும் ஒரு நாளும் விட்டதில்லை, ஏனென்றால் தன் வாக்கியம் தன் காதில் திரும்ப விழும்போதுதான் பிள்ளை அதைத் திருத்த நினைக்கிறது.

ஆகஸ்ட் 21

"மூன்று மாதம் எழுதாமல் இருந்தால் சட்டப்படி சிக்கல் வராதா" என்று நியூயார்க்கிலிருந்து ஒரு கேள்வி. மாநிலத்துக்கு மாநிலம் விடை மாறும்.

டெக்சாஸில் வீட்டுக்கல்வி தனியார் பள்ளிக்குச் சமம் என்பதை லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் உறுதி செய்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகிய ஐந்தையும் உண்மையான அக்கறையோடு கற்பிக்க வேண்டும். தேர்வும் இல்லை, அறிக்கையும் இல்லை. கட்டுரை எழுதுதல் அந்த ஐந்தில் தனியாக இல்லை. அதனால் கேள்வி கேட்ட டல்லாஸ் தாய்க்கு அவசரமே கிடையாது.

நியூயார்க்கில் நிலைமை வேறு. ஆறாம் வகுப்பு வரையிலான பாடப் பட்டியலில் எழுதுதல் தனிப் பாடமாகவே இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் கற்பித்தல் திட்டம், நான்கு காலாண்டு அறிக்கைகள், ஆண்டுக்கு 900 மணி நேரம், இறுதியில் மதிப்பீடு என்று எல்லாம் உண்டு. அங்கிருப்பவர்கள் வாய்மொழியாகச் சொன்னதைத் தேதியிட்டு ஒரு நோட்டில் சேர்த்துவைத்து, அறிக்கையில் "திருப்பிச் சொல்லுதல், பார்த்து எழுதுதல்" என்று நடந்ததை நடந்தபடியே எழுதலாம்.

செப்டம்பர் 3

மூன்று மாதம் சொந்தக் கையால் எழுதச் சொல்லாதீர்கள் என்று ஆகஸ்ட் 7-இல் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். அதைப் படித்துவிட்டு ஒருவர் தன் மகளின் எழுத்துப் பயிற்சியை முழுவதுமாக நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தார். என் வீட்டில் என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்லாமல் பாதியைச் சொல்லி ஆலோசனை கொடுத்துவிட்டேன்.

நாங்கள் நிறுத்தியது மூன்று மாதம் இல்லை. ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு. அந்தக் காலத்தில் அவனுடைய சொல்லும் திறன் நன்றாக வளர்ந்தது. இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று சொல்லுவான், நான் எழுதிக்கொண்டே இருப்பேன். கை மட்டும் ஏழு வயதிலேயே நின்றுவிட்டது. ஒன்பதாவது பிறந்தநாளுக்குப் பரிசு அனுப்பிய தாத்தாவுக்கு நன்றி அட்டை எழுத உட்கார்ந்தவன், உறையின்மேல் முகவரியைக்கூட எழுதி முடிக்க முடியாமல் எழுந்து போனான். அன்று அவன் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, வெட்கம். அதற்குக் காரணம் நான்.

இரண்டு வேலைகளையும் பிரிக்க வேண்டும் என்பதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. பிரித்த பிறகு இரண்டையும் தினமும் செய்ய வேண்டும் என்பதைத்தான் நான் கோட்டைவிட்டேன். அவன் சொல்ல நீங்கள் எழுதுவது ஒரு வேளை. பத்து நிமிடம் நான்கு கோட்டு நோட்டில் பார்த்து எழுதுவது இன்னொரு வேளை. பார்த்து எழுதும்போது யோசிக்க எதுவும் இருக்கக் கூடாது, சொல்லும்போது எழுத எதுவும் இருக்கக் கூடாது. நேரம் முடிந்தால் சொல்லின் நடுவிலும் நிறுத்திவிடலாம்.

இரண்டையும் மறுபடி சேர்ப்பதற்கு எங்களுக்கு ஓராண்டுக்கு மேல் ஆனது. முதலில் முதல் வாக்கியம் அவன் கை, மற்றவை என் கை. பிறகு வாக்கியத்துக்கு வாக்கியம் மாற்றி மாற்றி. பிறகு எல்லாம் அவன், எழுத்துக்கூட்டத் தெரியாத சொற்களை மட்டும் நான் ஓரத்தில் எழுதிக் கொடுப்பேன். பத்தரை வயதில் ஒரு பக்கம் தனியாக எழுதினான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பென்சிலை முறுக்கிப் பிடிப்பது, தாள் கிழியும் அளவுக்கு அழுத்துவது, நான்கு வரியில் கை வலிப்பது, வாயால் சரியாகச் சொன்ன எழுத்துக்கூட்டலைத் தாளில் தப்பாக எழுதுவது ஆகியவை ஒன்பது வயதிலும் தொடர்ந்தால், அதற்குப் பாடத்திட்டம் மருந்து இல்லை. நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர் "பையன்கள் இப்படித்தான், கொஞ்சம் சோம்பல்" என்று அனுப்பிவிட்டார். அதை நம்பி ஓராண்டை இழந்தோம். பிறகு ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்கான கை, உடல் பயிற்சி தருபவர்) அவன் விரல்களின் பிடியையும் உட்காரும் விதத்தையும் பார்த்துவிட்டு, எழுதும் ஆற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் கற்கும் பிள்ளையாக இருந்தாலும், குறைபாடு இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால் கட்டணமில்லாமல் மதிப்பீடு செய்ய டெக்சாஸில் உங்கள் பகுதிப் பள்ளி மாவட்டம் கடமைப்பட்டது. கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், தேதியிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

செப்டம்பர் 4

பத்து நிமிடத்தை அளக்கச் சிறிய மணல் கடிகாரம் வைத்தோம். தொலைபேசியின் மணி அடித்தால் அவன் திடுக்கிட்டான். மணல் இறங்குவதை அவனாகவே பார்த்துக்கொண்டான்.

செப்டம்பர் 24

ஆங்கிலத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், தமிழுக்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு விடை சொல்லத் தாமதித்தேன். ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் எங்களுக்குச் சிரமம் அதிகம்.

முதல் சிரமம் கையில். "கொ" என்று எழுதக் காதில் முதலில் விழுவது ககரம். கையோ முதலில் கொம்பைப் போட வேண்டும், பிறகு ககரம், பிறகு கால். ஒலிக்கும் வரிசையும் எழுதும் வரிசையும் வேறு என்பது பழகிய நமக்குத் தெரிவதே இல்லை. என் மகன் ககரத்தை எழுதிவிட்டு, முன்னால் இடம் இல்லாமல் கொம்பை நெருக்கி நுழைப்பான். பக்கம் முழுவதும் அப்படி இருக்கும். விசைப்பலகை இதைத் தீர்த்தது. 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 முறையில், கவ்வைத் தட்டிவிட்டு ஒகரத்தைத் தட்டினால் கொம்பு தானாக முன்னால் போய் நிற்கும். காதில் விழும் வரிசையிலேயே விரல் போகலாம். இரட்டைக் கோட்டு நோட்டில் ஒரு வரி, மற்றது விசைப்பலகையில் என்று வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது சிரமம் ஆழமானது. அவன் தமிழில் சொன்னால், "எறும்பெல்லாம் ஒண்ணா சேந்து மெதந்துச்சு" என்று சொல்வான். அதை நான் "எறும்புகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து மிதந்தன" என்று எழுதினால், சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்ற எங்கள் ஒப்பந்தம் உடைகிறது. சொன்னபடியே எழுதினால் எழுத்துத் தமிழ் எப்போது வரும்? ஆங்கிலப் பாடத்திட்டம் எதிலும் இதற்கு விடை கிடைக்காது, ஏனென்றால் பேச்சுக்கும் எழுத்துக்கும் இத்தனை தூரம் அங்கே இல்லை. பிள்ளையின் தமிழ் பேச்சில் சரளமாக இருந்து எழுத்தில் ஊமையாகிப் போவதற்கு இந்தத் தூரமே பெரிய காரணம் என்று நான் நம்புகிறேன். வாயைத் திறந்தவுடன் "அப்படி எழுதக் கூடாது" என்று திருத்தப்படுகிறவன் அடுத்த முறை வாயைத் திறப்பதில்லை.

நாங்கள் செய்தது இது. முதல் நாள் அவன் சொன்னபடியே, பேச்சுத் தமிழில், ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினேன். மறுநாள் அதிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை அவன் தேர்ந்தெடுப்பான். அதைப் "புத்தகத் தமிழில் எப்படிச் சொல்வார்கள்" என்று இருவரும் பேசி, வெற்று வரியில் எழுதுவோம். சில மாதங்களில் அவனே கண்டுபிடித்தது ஒன்று: கதைகளில் பாத்திரங்கள் பேசும்போது மேற்கோள் குறிக்குள் பேச்சுத் தமிழ் வருகிறது, கதை சொல்பவர் மட்டும் எழுத்துத் தமிழில் சொல்கிறார். அதற்குப் பிறகு அவன் கதைகளில் எல்லோரும் ஓயாமல் பேச ஆரம்பித்தார்கள். எறும்புகள் கூட.

அக்டோபர் 15

தடையற்ற எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பீட்டர் எல்போ 1973-இல் வெளியிட்ட நூலில் பெரியவர்களுக்காக விளக்கிய பயிற்சி இது: குறித்த நேரத்துக்குக் கையை நிறுத்தாமல் எழுத வேண்டும், திருத்தக் கூடாது. கை இன்னும் பழகாத பிள்ளைக்கு இது கொடுமை. கையை நிறுத்தாமல் எழுதுவதுதானே அவனால் முடியாதது. கை ஓரளவு ஓடத் தொடங்கிய பிறகு, நான்கு நிமிடத்தில் தொடங்கலாம்.

தொடங்கினால் அந்தத் தாளில் திருத்தவே கூடாது. மூன்றாவது வாரத்தில், பழக்க தோஷத்தில், ஒரு சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். ஒரே ஒரு வட்டம். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் எழுதியது தனக்கு எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களை மட்டும். "பேட்" திரும்பி வந்திருந்தது.

2024 ஜனவரி 28

ஆகஸ்டில் கேள்வி கேட்ட தாய் திரும்ப எழுதியிருக்கிறார். மகன் டைனோசர் முட்டைகளைப் பற்றி சொல்ல, அவர் கைப்பட நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார்; பார்த்து எழுதுதலைச் செப்டம்பரிலிருந்து தினமும் பத்து நிமிடம் செய்கிறான்; இரண்டு வாக்கியம் வரை கை வலிக்காமல் எழுதுகிறான்; பார்க்காமல் எழுதச் சொன்னால் இன்னும் மிரள்கிறான். இப்போதாவது எந்தப் புத்தகம் என்று சொல்லுங்கள் என்கிறார்.

சொல்கிறேன். வாக்கியம் அவனிடம் நிறைய இருக்கிறது, வெற்றுத்தாள் பயமும் இல்லை. கைக்கும் மனத்துக்கும் நடுவில் வாக்கியத்தைப் பிடித்து வைக்கும் பழக்கம்தான் வேண்டும். அதற்குச் சொல்வதைக் கேட்டு எழுதுதல் ஏற்றது. ரைட்டிங் வித் ஈஸ் இரண்டாம் நிலையை வாங்குங்கள். அவனுக்கு ஒன்பது வயது ஆகிவிட்டதே என்று மூன்றாம் நிலைக்குப் போகாதீர்கள். ஒரு நாள் பாடத்தை இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவுக்குள் பாதிப் புத்தகம் முடிந்தால் போதும். நீங்கள் வாக்கியத்தைச் சொன்னதும், அவன் எழுதுவதற்கு முன் ஒருமுறை வாயால் திருப்பிச் சொல்லட்டும். எழுத ஆரம்பித்த பிறகு அவன் நடுவில் மறந்தால் மறுபடி சொல்லுங்கள், எத்தனை முறை கேட்டாலும். வெள்ளிக்கிழமை அந்தப் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அது டைனோசர் முட்டைகளுக்கு. அன்றும் நீங்களே எழுதுங்கள், அவன் பென்சிலைக் கேட்கும் வரை.

ஐ.இ.டபிள்யூ.வை அடுத்த ஆண்டு பார்க்கலாம். முட்டைகளைப் பற்றி நூலகப் புத்தகங்களிலிருந்து அவனே குறிப்பெடுக்க விரும்பும்போது மூன்று சொல் குறிப்பு கைகொடுக்கும். அதுவரை வேறு எதையும் வாங்காதீர்கள்.